கொறங்காடு தரிசன்று!

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கிளுவை வேலிக்குள்ளே புல்லும் வெள்வேல மரமுமாக நிற்கும் நிலத்தைக் கொங்குநாட்டு உழவர் கொறங்காடு என்பர். ஆடும் மாடும் அங்கேயே மேய்ந்து, அங்கேயே படுத்து, அங்கேயே ஈனும். ஆயின் அரசின் நிலப்பயன் கணக்கிலே கொறங்காடு என்றொரு சொல் இல்லை. ஏர் புகாத புன்செய் என்பதனால் அது பெரும்பாலும் தரிசுக் கணக்கிலேயே வீழ்கின்றது. தரிசென்று ஒருகால் எழுதிவிட்டபின், அந்நிலத்தை எவர் வாங்கினும், அதன்மேல் எதனை எழுப்பினும், அழிந்தது இன்னதென்று எழுத அவ்வேட்டில் ஓரிடமும் இராது. வெற்றுநிலம் பயனுக்கு வந்தது என்றே எழுதப்பெறும். ஒரு சொல்லைக் கொண்டு ஒரு நிலத்தைக் கொல்லவியலுமா என ஐயுறுவார், திருப்பூர் மாவட்டத்தின் தென்கிழக்கு வட்டங்களுக்குப் போய், வேலி பெயர்த்த காடுகளையும் அவற்றின்மேல் நடப்பட்ட மனைக்கற்களையும் கண்டு வரலாம்.

தரிசு என்பது மாந்தன் கைபடாமற் கிடப்பது. கொறங்காடோ தலைமுறை தலைமுறையாகக் கைபட்டுக் கட்டப்பட்டது. முதலில் வேலியைப் பாருங்கள். கிளுவையை யாரும் விதையிட்டு வளர்ப்பதில்லை. போத்து வெட்டிப் பருவம் பார்த்து நெருங்க ஊன்றுவர். அது வேர்பிடித்துத் தழைத்து, முள்ளும் கிளையுமாய்ப் பின்னி, உயிருள்ள மதிலாய் எழும். கம்பிவேலி துருவேறும், கற்றூண் சாயும், கிளுவை வேலியோ கழிக்கக் கழிக்கத் தடிக்கும். இரண்டு காடுகளின் வேலிகளுக்கிடையே ஓடும் வழிக்குக் கொங்குநாட்டில் இட்டேரி என்று பெயர். வேலியிலே பிரண்டையும் கோவையும் படரும்; அதன் அடியிலே காடையும் கவுதாரியும் குஞ்சு பொரிக்கும். இத்தனையும் ஒரு செங்கல்லும் ஒரு கம்பியுமின்றி நிகழ்வன.

வேலிக்குள்ளே புல். அதில் முதன்மையானது கொழுக்கட்டைப்புல். அப்பக்கத்தில் யாண்டு முழுதும் பெய்யும் மழை ஏறக்குறைய 600, 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்க் காற்றோடு வந்து போய்விடும். மேற்குத் தொடரின் மழைமறைவிலே கிடக்கும் சரளைமேடு அது. சிவன்மலை, ஊதியூர்மலை அடிச்சரிவுகளில் ஏறஏற மண் இன்னும் மெலியும். நெல்லையும் கரும்பையும் எண்ணிப் பார்க்கவொண்ணாத அந்நிலத்தில் இரண்டு நல்ல மழை போதும், கொழுக்கட்டைப்புல் தூர்விட்டு எழுந்துவிடும். மழை ஓய்ந்தபின் தாள் உலரும், வேர் சாகாது. உலர்ந்த தாள் நின்றபடியே வைக்கோலாகி மாட்டுக்கு உணவாகும். அறுக்கவும் வேண்டா, போர் போடவும் வேண்டா. புல்லினூடே நரிப்பயறு போன்ற கொடிகள் தாமே முளைத்துப் படர்ந்து, மேய்ச்சலுக்குச் சுவையும் மண்ணுக்கு உரமும் ஆகும்.

மரம் வெள்வேலம். அதன் இலை சிறிது; நிழல் மெலிது; ஆகலின் அடியிற் புல் வளரத் தடையில்லை. புல் தீர்ந்து வெயில் ஏறும் திங்கள்களில்தான் அதன் நெற்று உதிரும். ஆடுகள் மரத்தடியிலேயே பொறுக்கித் தின்னும். மிகுந்ததை மூட்டையாகக் கட்டி விற்பதும் உண்டு. வறண்ட பருவத்துக்கென்று தனியே ஒரு களஞ்சியத்தை மரக்கொம்பிலே தொங்கவிட்டவன் பட்டறிவை என்னென்பது! அதன் பட்டை சாராயம் காய்ச்சவும் பயன்பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டா. மரத்தின் குற்றமன்று அது.

இனி மேய்ச்சல் முறை. ஒருவர் தம் காட்டை மூன்று நான்கு அடைப்புகளாக வகுத்திருப்பார். ஓர் அடைப்பில் மேய்ந்து புல் குறைந்ததும் படலைத் திறந்து அடுத்த அடைப்புக்கு விடுவர். முந்தின அடைப்பு இளைப்பாறும்; சாணியும் புழுக்கையும் அங்கேயே மட்கும். சில யாண்டுகளுக்கொருமுறை ஏரோட்டிச் சோளமோ கொள்ளோ விதைத்தெடுத்து, நிலத்தை மறுபடி புல்லுக்கு விடுவர். வேலி இருத்தலின் மேய்ப்பவன் நாள்முழுதும் கோலூன்றி நிற்க வேண்டுவதில்லை. நீர்ப்பாய்ச்சல் இல்லை, உரமூட்டை இல்லை, பூச்சிகொல்லி இல்லை. இத்தகைய நிலத்துக்குத்தான் தரிசு என்று பெயர் சூட்டியிருக்கின்றது நம்மை ஆளும் கணக்கேடு!

மரமும் புல்லும் கால்நடையும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று தாங்கி வளர்வதை இன்றை உலகம் பெரிய அறிவியலாகப் பயில்கின்றது. வேளாண்காட்டு ஆராய்ச்சிக்கென்றே 1970களின் இறுதியில் நைரோபி நகரில் பன்னாட்டு நடுவம் ஒன்று அமைந்தது. 2014-ஆம் யாண்டு இந்திய நடுவணரசும் வேளாண்காட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. உழவர் தம் நிலத்து மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் உள்ள தடைகளைத் தளர்த்துவது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஆகட்டும், அதுவும் வேண்டுவதே. ஆனால் நம் மாணவன் வேளாண்கல்லூரியிலே இம்முறையை ஆங்கிலப் பெயரால் படித்து, ஆங்கிலப் பெயரால் தேர்வெழுதி, பின்பு காங்கயத்துக்குப் பேருந்திலே போகும்போது வழியெல்லாம் நிற்கும் கொறங்காட்டைத் தரிசென்று எண்ணிக் கண்மூடிக்கொள்கின்றானே, அவனுக்கு யார் சொல்வார், அவன் படித்தது சன்னலுக்கு வெளியே நிற்கின்றதென்று?

அதே 2014-ஆம் யாண்டு மேத் திங்கள் 7-ஆம் நாள் உச்ச முறைமன்றம் ஏறுதழுவலைத் தடைசெய்தது. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையிலும் மதுரை அலங்காநல்லூரிலும் தமிழ்நாடெங்கும் இளைஞர் திரண்டனர். தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மேத் திங்களில் உச்ச முறைமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. அது தமிழர் வென்ற போர். அதில் நின்றவர்களை வணங்குகின்றோம். அந்நாள்களிற் கையிலேந்திய படங்களிலும் சுவரெழுத்துகளிலும் திமில் பருத்துக் கொம்பு வளைந்து நின்ற காளை பெரும்பாலும் காங்கயக் காளையே. நெஞ்சிற் காளையுருவம் பொறித்த பின்னலாடையை இன்றும் இளைஞர் அணிகின்றனர். அவ்வாடை பின்னப்பட்ட ஊருக்கு ஒரு மணிநேரப் பயணத்துக்குள்தான் அக்காளை நின்ற காடுகள் மனையாகிக் கொண்டிருக்கின்றன.

காளைக்காக இலக்கம் பேர் கூடினோம். காளை தின்னும் புல்லுக்காக ஒருவரும் கூடவில்லையே, ஏன்? வாடிவாசலைத் திறந்துவிட்டோம். அவ்வாயில் வழியே நாளை எது வெளிவரும்? கொட்டிலில் கட்டிவைத்து மூட்டைத்தீனி ஊட்டி, ஒருநாள் விழாவுக்காக வளர்க்கப்படும் காளையா? காங்கயக் காளையின் காலும் திமிலும் கொறங்காட்டிலே நடந்து திரண்டவை. கடுவெயிலையும் அரைவயிற்றையும் தாங்கும் அதன் உடல், அந்நிலம் தந்த உடல். காட்டை விற்றுவிட்டுக் காளையை மட்டும் காப்போம் என்பது குளத்தைத் தூர்த்துவிட்டு மீனைக் காப்போம் என்பதனோடொக்கும்.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1990-இல் 11 இலக்கத்து 74 ஆயிரமாக இருந்த காங்கய மாடுகள் 2000-இல் 4 இலக்கத்து 79 ஆயிரமாகக் குறைந்தன என்று கால்நடை ஆய்வாளர் எழுதியுள்ளனர். பத்தே யாண்டில் பாதிக்கு மேல் போயிற்று. இழுவைவண்டிகளும் உழுபொறிகளும் வந்தது ஒரு கரணியம். மற்றொரு கரணியம் பால்.

‘காங்கய மாடு நாளைக்கு இரண்டு இலிட்டர்தானே கறக்கின்றது, செர்சிக் கலப்பு எட்டும் பத்தும் கறக்கின்றதே’ என்பர். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் பின்னே ஊர்தோறும் சீமைக்காளையின் சினையூசி வந்தது இக்கணக்கைக் காட்டித்தான். இக்கணக்கிலே விடுபட்ட ஒரு பொருள் உண்டு. அது தண்ணீர். கலப்பின மாட்டுக்குக் கம்பு நேப்பியர் புல் வேண்டும். நேப்பியர் என்பது ஆப்பிரிக்கப் புல்லொன்றுக்கு வாய்த்த வெள்ளையன் பெயர். அதை நாற்பத்தைந்து நாளுக்கொருமுறை அறுக்கலாம் என்பது மெய். பத்து நாளுக்கொருமுறை நீர் பாய்ச்ச வேண்டும் என்பதும் மெய்யன்றோ! எந்த நீரை? பரம்பிக்குளம் ஆழியாற்று நீருக்காக வெள்ளகோவில் கிளைக்கால்வாயின் கடைமடை உழவர் எத்தனைமுறை போராடியிருக்கின்றனர்! கடைமடைக்கு நீர் வராத நாட்டிலே, நீர் குடிக்கும் புல்லை நட்டு, மூட்டைத்தீனி வாங்கி, எட்டு இலிட்டர் கறப்பது ஆக்கமாம். வானத்து நீரிலே வளர்ந்த புல்லைத் தின்று இரண்டு இலிட்டர் கறந்து, ஏரும் இழுத்து, எருவும் இடும் மாடு வீணாம். நேப்பியரைப் பயிரிடவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நீருள்ளவன் நடட்டும். நீரற்ற மேட்டுநிலத்தானுக்கும் அதையே ஓதுவதைத்தான் கண்டிக்கின்றோம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் கொழுக்கட்டைப்புல்லில் கோ 1 என்னும் வகையைத் தேர்ந்து, நீலக் கொழுக்கட்டை என்று நல்ல தமிழ்ப்பெயராலேயே வழங்கினர். பாராட்டுகின்றோம். ஆயினும் புல்விதை வேறு, கொறங்காடு வேறு. இதே கொழுக்கட்டைப்புல் இனம் ஆத்திரேலிய நாட்டின் நடுப்பகுதிக்கும், அமெரிக்காவின் அரிசோனாப் பாலைக்கும் சென்றது. மேய்ச்சலுக்கு உதவும் என்று விரும்பி விதைத்த நாடுகளே இன்று அதனைத் தீப்பரப்பும் களையென்று பிடுங்குகின்றன. புல் அதே புல்தான். அங்கே இல்லாதவை அதனை அளவோடு வைத்த வேலியும், மாறிமாறி மேய்க்கும் முறையும், முன்னோர் பட்டறிவும். ஆகலின் விதைப்பொட்டலத்தை இலவயமாகக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று அரசு கைகழுவவொண்ணாது. காக்கப்பட வேண்டுவது முறை முழுமையும்.

மொழியிதழுக்குப் புல்லிலும் சாணியிலும் என்ன வேலை என்று நம் அன்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களை ஒன்று கேட்கின்றோம். மயிலை என்றால் என்ன? பிள்ளை என்றால் என்ன? செவலை, காரி என்பவை யாவை? காங்கய மாட்டின் நிறவேறுபாடுகளுக்குக் கொங்குநாட்டார் இட்ட பெயர்கள் அவை. சிவந்து பிறக்கும் கன்று சில திங்களில் நிறம் மாறிச் சாம்பலாகும். காளையானால் தலையும் கழுத்தும் திமிலும் கறுக்கும். காயடித்தால் மீண்டும் வெளுக்கும். இம்மாற்றங்களை நாள்தோறும் கண்டவன் நாவில் பிறந்த சொற்கள் அகரமுதலியிலே எழுதிவைத்தால் மட்டும் வாழா. போத்து, படல், பட்டி, இட்டேரி, அடைப்பு என்னும் சொற்களும் அவ்வாறே. பொருள் போனால் சொல் போகும். சொற்பொழிவில் தூய தமிழ் பேசிக்கொண்டே சொல்லுக்குரிய பொருளை விலைக்கு விட்டுவிட்டால், நம் தமிழ் எதனைக் குறித்துப் பேசும்? ஏறுதழுவலைப் பாடிய முல்லைக்கலியைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகின்றோம். முல்லை என்பது காடும் காடுசார்ந்த இடமும். அத்திணையில் ஏறு தனியே நிற்பதில்லை.

சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்க்கு மன்றாடி என்னும் சொல் தெரியும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடையாக விடுவர். அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் நெய்யளக்கும் இடையனே மன்றாடி. அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினர். ஆடு சாகாதா? மூக்காதா? சாகும், மூக்கும், ஆனால் செத்ததற்கு ஈடாகக் குட்டி வளரும், எண்ணிக்கை குறையாது. முதல் கெடாமல் வட்டியால் விளக்கெரிக்கும் அக்கணக்கின் அடியில் எழுதப்படாத ஓர் உறுதி இருந்தது. மேய்ச்சல் நிலம் குன்றாது என்பதே அது. புல் சாவா மூவாத வரையில்தான் ஆடு சாவா மூவாப் பேராடு. இன்றைக்குக் காங்கய இனத்தைப் பேணிய பெருமையுடைய பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் தாங்கும் மன்றாடியார் என்னும் பட்டமும் அச்சொல்லின் வழிவந்ததே. 1936-இல் தென்னாட்டுக் கால்நடைகளைக் குறித்து ஆங்கிலத்தில் நூல் யாத்த இலிட்டில்வுட்டு என்னும் வெள்ளைக்கார அலுவலர் காங்கய இனத்தை அதில் விரித்தெழுதினார். அவருக்குத் தெரிந்தது நம் வருவாய்த்துறைக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். கொறங்காட்டைப் பேசுவதென்றால் ஒரு குலத்தின் பழம்பெருமை பேசுவதென்று சிலர் கருதுகின்றனர். சிலர் அதற்காகவே பேசவும் செய்கின்றனர். பட்டாவில் பெயருள்ளவன் மட்டும் அக்காட்டினால் வாழவில்லை. காணி நிலமுமில்லாத ஆட்டுக்காரர் யாண்டுக் குத்தகைக்குக் காடெடுத்துப் பத்து மேச்சேரி ஆட்டைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றனர். வேலி கழித்தவர் கை, போத்து நட்டவர் கை, படல் முடைந்தவர் கை யாவும் ஒரே குலத்துக் கைகளல்ல. காடு மனையானால் உடையவனுக்கு விலை கிடைக்கும். குத்தகைக்காரனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. நம் நெஞ்சு முதற்கண் அவன் பக்கமே நிற்கின்றது.

இனித் திருப்பூர். அந்நகரை இகழ்வது நம் நோக்கமன்று. மழை பொய்த்த ஊர்களிலிருந்து வெறுங்கையோடு வந்தார்க்கு அந்நகர் சோறு போட்டது, இன்றும் போடுகின்றது. யாண்டுக்கு முப்பதாயிரங் கோடி உருபாவுக்கு மேல் பின்னலாடை வெளிநாடுகளுக்குப் போகின்றது. ஆயினும் அத்தொழில் சுற்றுப்புறத்தினின்று எதனை எதனை எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. முதலில் ஆறு போயிற்று. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென எழுந்து 1992-இல் திறக்கப்பட்ட ஓரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. 2011 சனவரி 28-ஆம் நாள் சென்னை உயர் முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகே கழிவுநீரைத் துப்புரவாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் திரும்பிற்று. அடுத்துக் கைகள் போயின. ‘கம்பெனிக்கு’ப் போன பிள்ளை காட்டுக்குத் திரும்புவதில்லை, கிழமை தவறாத கூலியை விட்டுவிட்டு ஆட்டின் பின்னே போ என்று அவனுக்குச் சொல்ல நமக்கு என்ன உரிமை! இப்போது நிலம் போகின்றது. மனையாக, கிடங்காக, ஆலையாக, மின்பண்ணையாக.

மின்பண்ணையைப் பற்றி ஒரு சொல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, தாராபுரம், பல்லடப் பக்கங்களில் காற்றாலைகள் எழுந்து பல்லாண்டாயின. காற்றாலையின் கீழ் மாடு மேயலாம், மேய்கின்றன. கதிரொளிப் பலகை அப்படியன்று. வேலியையும் மரத்தையும் களைந்து, மண்ணைச் சுரண்டி மட்டமாக்கி, கம்பிவேலியிட்டுக் காவலனை நிறுத்திவிடுவர். தூய மின்னாற்றல் வேண்டுவதே. ஆனால் பஞ்சாலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் பின்னலாலைகளுக்கும் மேலே எத்துணைப் பரப்புக் கூரை வெறுமனே வெயிலிற் காய்கின்றது! அதனை விட்டுவிட்டுக் காட்டைத் தேடி வருவது எதனால்? கூரையை உடையவன் வலியவன்; காடு ஏட்டிலே தரிசு. வேறு விடையில்லை.

வேலியும் இன்று போதவில்லை. 2024, 2025-ஆம் யாண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துக் காடுகளிலே இரவில் தெருநாய்கள் கூட்டமாய்ப் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறின. உழவர் செத்த ஆடுகளைச் சாலையிலே கிடத்தி இழப்பீடு கேட்டுப் போராடினர். பட்டியில் அடைத்துவிட்டு நிம்மதியாய் உறங்கலாம் என்பதுதான் கொறங்காட்டின் உயிர்நாடி. அதுவே அறுந்தால் எஞ்சியோரும் விற்றுவிட்டுப் போவர். நகரங்கள் இறைச்சிக் கழிவை ஊர்ப்புறத்திலே கொட்ட, அதனைத் தின்று பெருகிய நாய்க்கூட்டத்துக்கு ஆடு இரையாகின்றது. குப்பைக்கு உடையவன் நகரவை. சாவது ஏழையின் ஆடு.

‘எம் நிலம், யாம் விற்போம்’ என்று உடையவர் கூறின், அதனை மறுக்கும் உரிமை நமக்கில்லை. பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கடனுக்கும் அவர் வேறெதை விற்பார்? பழையகோட்டை மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பாருங்கள்; மயிலைக்காளையை ஓட்டி வருவோர் பலர் நரைத்த தலையினர். கொறங்காட்டை வைத்திருப்பவன் நாட்டுக்கு ஒரு நன்மை செய்கின்றான்; நீரைக் கேளாமல் நிலத்தைப் பசுமையாக்கி, மண்ணரிப்பைத் தடுத்து, ஓர் இனத்தையே காத்து நிற்கின்றான். அந்நன்மைக்கு நாடு அவனுக்குத் தருவது யாது? ஒன்றுமில்லை. தராமலே காத்துக்கொண்டிரு என்று சொல்வது ஒப்புக்கொள்ளத்தக்கதன்று.

எசுப்பானிய நாட்டில் இதனையொத்த காடுகள் உண்டு. கருவாலி மரங்களும் கீழே புல்லும்; மாடும் ஆடும் புல்லை மேயும், பன்றிகள் மரத்தின் கொட்டையைத் தின்னும். அம்மக்கள் தம் மொழியில் அதனைத் தெகேசா என்பர். அந்நாட்டின் தென்மாநிலமாகிய அந்தலூசியா 2010-ஆம் யாண்டு சட்டமொன்று இயற்றிற்று. சட்டத்தின் பெயரே தெகேசாச் சட்டம். காடு என்றோ, மேய்ச்சற்புறம் என்றோ, தரிசு என்றோ பிறிதொரு வகுப்பிலே தள்ளாமல், மக்கள் வழங்கும் சொல்லாலேயே அந்நிலத்தைச் சட்டத்தில் எழுதினர். அவர்களுக்கு அரசு தம் மொழியில் நடக்கின்றது. நமக்கும் தமிழே ஆட்சிமொழி என்று 1956 முதல் சட்டம் இருக்கின்றது. இருந்தும், விடுதலைக்குப்பின் தில்லி வகுத்துக்கொடுத்த ஒன்பது நிலப்பயன் வகுப்புகளைத் தமிழிலே பெயர்த்து வைத்துக்கொண்டு, நடப்புத் தரிசு, பிற தரிசு, பயிரிடத்தக்க தரிசு என்று தரிசையே மூன்று வகையாய் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். தரிசுக்கு மூன்று பெயர் வைக்கத் தெரிந்தவர்க்குக் கொறங்காட்டுக்கு ஒரு பெயர் எழுதத் தெரியவில்லை! ஆங்கிலத்தைத் தமிழாக மாற்றிவிட்டால் ஆட்சி தமிழாகிவிடாது. தமிழன் கண்டு பெயரிட்ட பொருளுக்கு ஏட்டிலே இடங்கொடுப்பதுதான் தமிழாட்சி.

ஆதலின் தமிழக அரசை நாம் கேட்பது இது. கொறங்காடு என்று தனியொரு வகுப்பை ஏற்படுத்துக; அடங்கலிலே அப்பெயராலேயே எழுதுக. 2024-இல் வேளாண் மாணவரையும் கொண்டு கைபேசி வழியே பயிர்க்கணக்கு எடுக்கத் தெரிந்த அரசுக்கு, அப்பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்ப்பது அரைநாள் வேலை. பெயர் ஏறியபின்தான் பரப்பு எவ்வளவு, குறைவது எவ்வளவு என்பது தெரியும். வறட்சியிலும் வங்கிக்கடனிலும் பயிர்நிலத்துக்குள்ள உரிமையைக் கேட்கவும் கால் ஊன்ற இடம் கிடைக்கும். வேலியைப் பேணுவோர்க்குக் குறுக்கத்துக்கு இவ்வளவென்று யாண்டுதோறும் வேலிக்கூலி தருக. அதற்கான பணத்தில் ஒரு பங்கைப் பின்னலாடைத் தொழில் தரட்டும். ஆற்றுக்கு அது பட்ட கடனில் நூற்றிலொரு கூறுகூட ஆகாது அத்தொகை. உடையவர்க்குத் தரும்போது குத்தகைக்கு மேய்ப்பவனை மறவாதிருக்க. மின்பண்ணைக்கு இசைவு கேட்டு வருவோரிடம், உம் ஆலைக்கூரை நிரம்பிற்றா என்று முதலிற் கேட்க.

அரசு தானாகச் செய்யும் என்று நாம் காத்திருக்கவில்லை. நவம்பர் 1 மொழிவழித் தமிழகம் 1956-இல் அமைந்த நாள். 2022 முதல் அந்நாளை உள்ளாட்சி நாளாக்கி, ஊர்தோறும் ஊரவை கூட்டுகின்றனர். காங்கயம், வெள்ளகோவில், குண்டடம், மூலனூர், தாராபுரம் ஒன்றியங்களில் உள்ள நம் அன்பர்கள் அந்நாளில் தத்தம் ஊரவைக்குச் செல்க. செல்லுமுன் ஊரிலுள்ள கொறங்காடுகளின் புல எண்களையும் பரப்பையும், அவற்றில் மேய்ப்பவர் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. நிலவுடையவரிடமும் குத்தகைக்காரரிடமும் கையொப்பம் பெறுக. ‘இவ்வூரின் இன்னின்ன புல எண்கள் கொறங்காடு, தரிசல்ல, அடங்கலில் அவ்வாறே எழுதுக’ என்று ஒரே வரியில் தீர்மானம் கொணர்க. வேறு அடைமொழிகள் வேண்டா. நிறைவேறிய தீர்மானத்தின் படியொன்றை வட்டாட்சியர்க்கும், ஒன்றை மாவட்ட ஆட்சியர்க்கும், ஒன்றை நம் அலுவலகத்துக்கும் விடுக்க. வரும் இதழ்களில் ஊர்ப்பெயரும் குறுக்கக் கணக்குமாக அவற்றை வெளியிடுவோம்.